சோமாலியா பக்கம் போகும் கப்பலில் சைன் ஆன் பண்ணலாமா? (கடற்கொள்ளை, பழசும் புதுசும்)

இரண்டாம்மேட் | 4 டிசம்பர் 2025, இரவு 9.12

வணக்கம் மக்களே. அடுத்த காண்ட்ராக்ட் வந்திருக்கிறது. பல்க் கேரியர், செகண்ட் மேட். மொசாம்பிக்கில் நிலக்கரி ஏற்றி வளைகுடாவில் இறக்கும் ஓட்டம். லோடு ஏறினால் வேகம் 12 நாட் (மணிக்கு 12 கடல்மைல்) தாண்டாது, ஃப்ரீபோர்டும், அதாவது தண்ணீருக்கு மேல் டெக் நிற்கும் உயரமும், தாழ்ந்துவிடும். வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. "எந்தப் பக்கம்டே?" என்று அப்பா கேட்டார். "ஆப்பிரிக்கா பக்கம்" என்று மழுப்பி வைத்திருக்கிறேன்.

2024 மார்ச்சில் பங்களாதேஷ் கப்பல் எம்.வி. அப்துல்லா மாட்டியது இதே ஓட்டத்தில்தான். மாபுட்டோவில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு எமிரேட்ஸ் போனது. மொகடிஷுவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 600 கடல்மைல் தள்ளி வந்து ஏறினார்கள். 23 பேரும் ஒரு மாதம் கைதிகள். போன மாதம் 6-ம் தேதி ஹெல்லாஸ் ஆஃப்ரடைட்டி டேங்கர். நம்ம குஜராத் சிக்காவில் பெட்ரோல் ஏற்றிக்கொண்டு டர்பன் போனது. 24 பேரும் சிட்டாடல் என்ற பாதுகாப்பு அறைக்குள் பூட்டிக்கொண்டு, மறுநாள் ஸ்பானிஷ் போர்க்கப்பல் வரும்வரை உள்ளேயே இருந்தார்கள்.

ஏஜென்டைக் கேட்டால், "ஹை ரிஸ்க் ஏரியாவையே 2023 ஜனவரியோட எடுத்தாச்சே தம்பி, எந்தக் காலத்தில இருக்கீங்க?" என்கிறார். கொள்ளை அபாயம் அதிகம் என்று மேப்பில் குறித்து வைத்திருந்த பகுதி அது. ஆயுதக் காவலர் உண்டா என்றால், "அது சார்ட்டரர் (கப்பலை வாடகைக்கு எடுத்தவர்) முடிவு" என்கிறார்.

அந்தத் தண்ணீரில் போன அனுபவம் இருக்கிறவர்கள் சொல்லுங்கள். பயமுறுத்தவும் வேண்டாம், தைரியம் சொல்லவும் வேண்டாம். நடந்ததைச் சொன்னால் போதும்.

பழையபோசன் | 4 டிசம்பர், இரவு 10.47

தம்பி, நான் 2009லேருந்து 2012 வரைக்கும் அந்தத் தண்ணியில ஒன்பது தடவ போய்ட்டு வந்தவன். இப்ப தூத்துக்குடில பேரப்பிள்ளைய ஸ்கூலுக்குக் கொண்டுவிடுதேன். அதனால தெம்பா டைப் பண்ணுதேன்.

2010-ல ஒரு சின்ன புராடக்ட் டேங்கர். ஏடன் வளைகுடால காரிடார்னு ஒரு பாதை போட்டிருந்தான். ஒரே வேகக் கப்பலையெல்லாம் சேத்து, மணி குறிச்சு, கூட்டமா விடுவான். வழி நெடுக ஏதாவது நாட்டு நேவி நிக்கும். பயம் ராத்திரில இல்ல, விடியக்காலம்தான். இருட்டு கலையுற நேரம், வாட்ச்ல நிக்கிறவனுக்குக் கண்ணு சொக்குற நேரம். ஸ்டார்போர்டு பக்கம், அதாவது வலது பக்கம், ரெண்டு ஸ்கிஃப் தெரிஞ்சுது, சின்ன வேகப் படகு. ரேடார்ல ஒண்ணும் காட்டல. ஃபைபர் போட்டு, கொஞ்சம் அலை இருந்தா ரேடார்ல அலை காட்டுற கிளட்டர்லயே மறஞ்சிரும். தேர்ட் மேட்டு புதுப் பையன், "மீன்காரங்க போல"ன்னான். நான் பைனாகுலர வாங்கிப் பாத்தேன். ஒரு போட்டுல நீளமா ஏணி, நுனியில கொக்கி. மீன் புடிக்கிறவனுக்கு எதுக்குடே ஏணி?

அலாரம் அடிச்சோம், கேப்டன் ஹெல்ம்ம இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு திருப்பித் திருப்பிக் கப்பல ஆட்டுனாரு, ஃபயர் ஹோஸெல்லாம் தொறந்துவிட்டோம். கால் மணி நேரம் கூடவே வந்தான். அப்புறம் என்ன நெனச்சானோ, பின்னாடி வந்த வேற கப்பலப் பாத்துத் திரும்பிட்டான். அந்தக் கப்பலுக்கு என்னாச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

180 மீட்டர் கப்பலுக்கு எங்க கம்பெனி குடுத்த முள்கம்பி எத்தன சுருள் தெரியுமா? நாலு. பின்பக்கம் மட்டும் சுத்திட்டு, மிச்ச இடத்துக்குப் பழைய பாய்லர்சூட்ல துணிய அடச்சு பொம்மை கட்டி நிறுத்துனோம். சோளக்கொல்லைப் பொம்மை கணக்கா. கையில பைப்பக் குடுத்துத் துப்பாக்கி மாதிரி வெச்சோம். சிரிக்காத, கையேட்டுலயே பொம்மை வெக்கச் சொல்லித்தான் போட்டிருக்கும்.

நீ கேக்க வேண்டியது காவலர் மட்டும் இல்ல. மொத்தம் எத்தன சுருள் கம்பின்னு கேளு. சிட்டாடலுக்குள்ள தனி ஆன்டெனாவோட சாட்டிலைட் போன் இருக்கான்னு கேளு. இரும்ப வெட்டுற கேஸ் கட்டிங் செட்ட எங்க வெக்கிறான்னும் கேளு. 2011 ஜனவரில பெலுகா நாமினேஷன்ங்கிற கப்பல்ல ஆளுங்க சிட்டாடலுக்குள்ள இருந்தும், ரெண்டு நாள் கழிச்சு அவன் உடைச்சு உள்ள வந்துட்டான்.

நிலக்காற்று | 5 டிசம்பர், காலை 6.30

நான் கடலுக்குப் போனதில்லை. போனவருக்காகக் காத்திருந்தவள். அதனால் அண்ணாக்கள் கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

2011-ல் என் கணவர் அந்தப் பக்கம் இருந்தார். அவர் கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஏப்ரலில் வந்த ஒரு செய்திக்குப் பிறகு மூன்று நாள் நான் சமைக்கவே இல்லை. அஸ்பால்ட் வென்ச்சர் கப்பல். 15 பேரும் இந்தியர்கள். பிணைப்பணம் கட்டியாகிவிட்டது, கப்பலையும் விட்டாயிற்று. ஆனால் எட்டுப் பேரை மட்டும் விட்டுவிட்டு ஏழு பேரைக் கரைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். இந்தியக் கடற்படை பிடித்து வைத்திருக்கும் எங்கள் ஆட்களை விட்டால்தான் இவர்களை விடுவோம் என்றார்கள். அந்த ஏழு பேர் வெளியே வந்தது 2014 அக்டோபர் கடைசியில். கடத்தப்பட்ட நாளிலிருந்து கணக்குப் போட்டால் நாலு வருஷத்துக்கு மேல்.

பணம் கட்டினால் விட்டுவிடுவான் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தோம். அன்றோடு அந்தத் தைரியம் போயிற்று.

தம்பி, வீட்டில் மழுப்பாதே. எங்கே போகிறாய் என்று தெரிந்து பயப்படுவது ஒரு மாதிரி. ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு டிவியில் கப்பல் பெயரைப் பார்ப்பது வேறு மாதிரி.

கேள்விநாயகம் | 5 டிசம்பர், காலை 11.05

எல்லோரும் கப்பல் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். அந்த ஸ்கிஃபில் உட்கார்ந்திருக்கிறவன் யார்? 1991-ல் சியாத் பாரே ஆட்சி கவிழ்ந்ததும் சோமாலியாவுக்குக் கடற்படையும் இல்லை, கடலோரக் காவலும் இல்லை. 3,000 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை, கேட்க நாதி கிடையாது. ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் டிராலர்கள் வந்து அள்ளின. உள்ளூர்க்காரன் வலையை அறுத்துக்கொண்டு போனார்கள். முதலில் படகெடுத்தவர்கள் தங்களைக் கடலோரக் காவலர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். அவனைக் கொள்ளைக்காரன் என்கிறோம், மீனைத் திருடியவனை என்னவென்று சொல்வது?

பழையபோசன் | 5 டிசம்பர், மதியம் 1.20

நாயகம் அண்ணாச்சி, மொத வருஷம் நீங்க சொல்றது சரி. 2008-லயும் அப்படியா? ஃபைனாங்கிற உக்ரைன் கப்பல்ல 33 டி-72 டாங்கி போச்சு. சிரியஸ் ஸ்டார் சவூதிக் கப்பல், உள்ள 20 லட்சம் பீப்பா கச்சா எண்ணெய். இவன் ரெண்டு பேரும் சோமாலியால மீனா புடிச்சான்? வலையறுந்தவன் ஆரம்பிச்சான், சரி. அப்புறம் எவன் எவனோ முதல் போட்டான், ஆளுக்கு இத்தனை பங்குன்னு ஆயிருச்சு. சிரியஸ் ஸ்டாருக்குப் பணத்தப் பாராசூட்ல போட்டான். பங்க வாங்கிட்டுத் திரும்பும்போது போட்டு கவுந்து அஞ்சு பேரு செத்தான்னு செய்தி வந்துச்சு. எல்லாம் சின்னப் பயலுவதான். முதல் போட்டவன் அந்தப் போட்டுல இல்ல.

கேள்விநாயகம் | 5 டிசம்பர், மதியம் 1.58

கடைசி வரியைத்தான் நானும் சொல்ல வந்தேன் போசன். இருந்தாலும் ஒன்று. உலக வங்கி 2013-ல் போட்ட கணக்கில் 2005 முதல் 2012 வரை கைமாறிய பிணைப்பணம் 33.9 கோடியிலிருந்து 41.3 கோடி டாலர் வரை. ஏணியில் ஏறியவனுக்கு அதில் கிடைத்தது கொசுறு. டிராலர்கள் இன்றும் நிற்கவில்லை. வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளினால் மழைக்குத் துளிர்க்கத்தான் செய்யும். 2023 கடைசியில் துளிர்த்தது.

கட்டுமரம்_குமரி | 5 டிசம்பர், மாலை 7.44

இங்க எல்லாரும் பெரிய கப்பல்காரங்களா இருக்கீங்க. நான் தூத்தூர் பக்கம். அப்பா, சித்தப்பா எல்லாரும் ஆழ்கடல் தங்கல் தொழில். ஆயிரங்கால் தூண்டில் போட்டு சுறா, சூரை பிடிக்க ஓமான் பக்கம், சீஷெல்ஸ் பக்கம் வரைக்கும் போற ஆளுங்க. போசன் அண்ணன் ஏணியப் பாத்துக் கண்டுபிடிச்சேன்னு சொன்னாரு. எல்லாக் கப்பல்லயும் அவர மாதிரி ஒரு ஆள் இருக்காது.

ஒரு விஷயம் கப்பல்காரங்க தெரிஞ்சுக்கணும். நாங்க தூண்டில் விட்டா கயிறு மைல் கணக்குல மிதக்கும். கப்பல் அதுமேல ஏறிட்டா பல லட்சம் ரூபாய் சரக்கு போச்சு. அதனால கப்பல் எங்க கயித்துக்கு நேரா வந்தா நாங்க வேகமா கப்பலப் பாத்து வருவோம். டார்ச் அடிப்போம், சட்டையக் கழட்டி வீசுவோம், கத்துவோம். விஎச்எஃப் ரேடியோவுல கூப்பிட்டாப் பாதிப்பேர் பதில் சொல்ல மாட்டான். உங்க பிரிட்ஜ்ல இருந்து பாத்தா நாங்க எப்படித் தெரிவோம்?

2012 பிப்ரவரி 15. எங்க ஊர்க்காரர் போட்டு, செயின்ட் ஆன்டனி. கேரளக் கரையிலருந்து 20 கடல்மைல் சொச்சம். என்ரிகா லெக்ஸிங்கிற இத்தாலிக் கப்பல்ல காவலுக்கு நின்ன ரெண்டு மரீன்ஸ் சுட்டதுல ரெண்டு பேர் செத்தாங்க. ஒருத்தர் கொல்லம், இன்னொருத்தர் எங்க மாவட்டத்துப் பையன். கொள்ளைக்காரன்னு நெனச்சோம்னாங்க. அந்த போட்டுல ஏணி இல்ல, துப்பாக்கி இல்ல, மீன்தான் இருந்துச்சு. 2020-ல சர்வதேசத் தீர்ப்பாயம், விசாரிக்கிற அதிகாரம் இத்தாலிக்குத்தான், இந்தியாவுக்கு நஷ்டஈடு குடுக்கணும்னு சொல்லிச்சு. 10 கோடி ரூபாய் வந்துச்சு, செத்தவங்க குடும்பத்துக்குத் தலைக்கு நாலு, போட்டுக்காரருக்கு ரெண்டு. 2021 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் இங்க கேஸ முடிச்சிருச்சு.

இரண்டாம்மேட் | 5 டிசம்பர், இரவு 8.31

கட்டுமரம் அண்ணே, வெட்கத்தோடு ஒன்று சொல்கிறேன். கேடட்டாக இருந்தபோது லட்சத்தீவுப் பக்கம் இப்படி ஒரு விசைப்படகு டார்ச் அடித்துக்கொண்டு வந்தது. பிரிட்ஜில் இருந்த சீஃப் மேட் உக்ரைன்காரர், எச்சரிக்கை மணியை அழுத்தப் போய்விட்டார். நான்தான் விஎச்எஃப்-ல் தமிழில் பேசிப் பார்த்தேன். "ஏலேய் கயிறு கெடக்குலே, வெலக்குலே!" என்று பதில் வந்தது. அவ்வளவு சந்தோஷமாக அதுவரை யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

நங்கூரம்73 | 5 டிசம்பர், இரவு 10.15

கட்டுமரம் சொன்னதற்குப் பின்னால் ஒரு கோடு இருக்கிறது. 2010-ல் ஹை ரிஸ்க் ஏரியாவின் கிழக்கு எல்லையை 78 டிகிரி தீர்க்கரேகைக்குத் தள்ளினார்கள். மேப்பை எடுத்துப் பாருங்கள், கன்னியாகுமரியைத் தாண்டிப் போகும் கோடு அது. கேரளக் கரை முழுக்க உள்ளே வந்துவிட்டது. காகிதத்தில் அபாயப் பகுதி என்று எழுதியாயிற்று, கப்பலில் ஏறிய துப்பாக்கிக்காரனும் அதை நம்பிவிட்டான். அதே சமயம் கரையை ஒட்டிப் போனால் பாதுகாப்பு என்று கப்பல்களெல்லாம் நம் மீனவர்கள் தொழில் செய்யும் இடத்துக்குள்ளேயே நெருங்கி ஓடின. இந்தியா வருஷக்கணக்கில் கத்தி, 2015 டிசம்பரில்தான் கோட்டை 65 டிகிரிக்கு இழுத்தார்கள்.

நான் மாஸ்டராக (கேப்டனாக) ஓடியவன். ஆயுதக் காவலரை ஏற்றியும் ஓடியிருக்கிறேன், இல்லாமலும் ஓடியிருக்கிறேன். அந்தக் காலத்தில் காவலர் இருந்த கப்பல் ஒன்றைக்கூடச் சோமாலியர்களால் கொண்டுபோக முடியவில்லை. அது உண்மை. ஆனால் நான்கு பேர் துப்பாக்கியோடு என் பிரிட்ஜில் நிற்கும்போது கடைசி உத்தரவு யாருடையது என்று ஒவ்வொரு முறையும் முதல் நாளே பேசித் தீர்ப்பேன். சில டீம் லீடர்களுக்கு அது பிடிக்காது.

இரண்டாம்மேட், உங்கள் கேள்விக்கு வருகிறேன். 12 நாட் கப்பல் என்றால் வேகம் உங்களைக் காப்பாற்றாது. 18 நாட் வேகத்துக்கு மேல் ஓடிய கப்பலில் ஏறியதாகத் தகவல் இல்லை என்று பழைய கையேட்டில் இருந்தது. அது கன்டெய்னர்காரர்களுக்கு. உங்களுக்கு இருப்பது தூரமும் கண்ணும்தான். பாசேஜ் பிளான் (பயணப் பாதைத் திட்டம்) போடுவது நீங்கள், எனவே சோமாலியாவிலிருந்து எவ்வளவு கிழக்கே தள்ளிப் போகிறீர்கள் என்று எண்ணெய்ச் செலவோடு கணக்கெழுதி மாஸ்டர் கையில் கொடுங்கள். யு.கே.எம்.டி.ஓ. என்ற பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல் தகவல் மையத்தில் பதிவு செய்யுங்கள், குருகிராமில் உள்ள நம் கடற்படைத் தகவல் மையத்துக்கும் ஒரு நகல் போகட்டும். தென்மேற்குப் பருவக்காற்று காலமென்றால் ஸ்கிஃப் அவ்வளவு தூரம் வராது. நீங்கள் போவது டிசம்பர், அந்த அளவுக்குச் சீற்றம் இருக்காது.

நெய்தல்பித்தன் | 6 டிசம்பர், காலை 7.02

காவலரை ஏற்றுவது புதுசு மாதிரிப் பேசுகிறோம். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி, இந்தியாவுக்கு வரும் கப்பல்களில் கடற்கொள்ளைக்குப் பயந்து வில்லாளிகளை ஏற்றிவருவார்கள் என்று எழுதியிருக்கிறார். முசிறியில் இறங்குவது அவ்வளவு நல்லதல்ல, பக்கத்தில் நித்ரியாஸ் என்ற இடத்தில் கொள்ளையர் இருக்கிறார்கள் என்றும் எச்சரிக்கிறார். அன்றைய ஹை ரிஸ்க் ஏரியா! ஏறத்தாழ அதே காலத்துச் சேரன் ஒருவன் கடலுக்குள் போய்ப் பகைவரின் காவல்மரமான கடம்பை வெட்டி முரசு செய்துகொண்டதாகப் பதிற்றுப்பத்து பாடுகிறது. அந்தக் கடம்பர்தான் பிளினி பயந்த கொள்ளையர் என்று ஆராய்ச்சியாளர்களில் ஒரு சாரார் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் வென்றவன் புலவன் பாடிய பாட்டு அது. தோற்றவனிடம் ஒரு புலவன் இருந்திருந்தால் அவன் வேறு பெயர் வைத்திருப்பான்.

அப்படி நடந்ததற்குச் சாட்சி குஞ்ஞாலி மரைக்காயர். கோழிக்கோட்டுச் சாமூதிரிக்குக் கடற்படைத் தளபதிகள். போர்ச்சுக்கீசியர் அரபிக்கடலில் ஓடும் ஒவ்வொரு கப்பலும் தங்களிடம் காசு கொடுத்து கர்தாஸ் என்ற சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். சீட்டில்லாத கப்பல் பறிமுதல். எதிர்த்த மரைக்காயர் அவர்கள் ஏட்டில் கொள்ளையர். நான்காவது குஞ்ஞாலியை 1600-ல் கோவாவில் கொன்றார்கள். கடலை மறித்துச் சீட்டு விற்றவன் அரசாங்கம், சீட்டு வாங்காதவன் கொள்ளைக்காரன்!

பிணைப்பணமும் பழசுதான். கி.மு. 75-ல் ஜூலியஸ் சீசரைச் சிலிசியக் கொள்ளையர் பிடித்து 20 தாலந்து கேட்டார்களாம். "என் மதிப்பு அவ்வளவுதானா? 50 கேள்" என்று இவரே விலையை ஏற்றிவிட்டாராம். வெளியே வந்ததும் படை திரட்டிப் போய் அத்தனை பேரையும் சிலுவையில் அடித்தார்.

பழையபோசன் | 6 டிசம்பர், காலை 7.40

எங்க ஏபி மாலுமிய எவனாவது புடிச்சிருந்தா கம்பெனி வெலைய எறக்கித்தான் பேசியிருக்கும்.

பின்பெஞ்சுவக்கீல் | 6 டிசம்பர், மதியம் 12.26

மதுரையில் பிராக்டிஸ். பிடிப்பது ஒரு வேலை, பிடித்தவனை என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய வேலை. அதைப்பற்றி யாரும் பேசவில்லை.

1999 அக்டோபரில் அலோண்ட்ரா ரெயின்போ என்ற கப்பல் இந்தோனேசியாவிலிருந்து 7,000 டன் அலுமினியக் கட்டிகளோடு ஜப்பானுக்குக் கிளம்பியது. ஏறிக் கைப்பற்றிவிட்டார்கள். 17 பேரை மிதவையில் இறக்கிவிட்டார்கள், பத்து நாள் கழித்துத் தாய்லாந்து மீனவர்கள் காப்பாற்றினார்கள். கப்பலின் பெயரை மெகா ராமா என்று பெயிண்டால் மாற்றி அரபிக்கடல் வரை வந்தாயிற்று. நம் கடலோரக் காவல்படையும் கடற்படையும் துரத்திப் பிடித்தன. மும்பை செஷன்ஸ் கோர்ட் 2003-ல் 15 பேருக்கு ஏழாண்டு கொடுத்தது. 2005-ல் ஹைகோர்ட் விடுதலை செய்துவிட்டது. கடற்கொள்ளைக்கென்று அப்போது இந்தியாவில் சட்டமே இல்லை. இருந்த சட்டத்தைத் தட்டிக்கொட்டிப் போட்ட வழக்கு அப்பீலில் நிற்கவில்லை.

இது நம் நாட்டு நோய் மட்டுமல்ல. 2008-க்குப் பிறகு இத்தனை நாட்டுக் கடற்படைகள் ஏடனில் நின்றும், பாதி நேரம் பிடித்தவனின் துப்பாக்கியையும் ஏணியையும் கடலில் எறிந்துவிட்டு, போ என்று அனுப்பிவிட்டார்கள். எந்த நாட்டுக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவது? கென்யாவும் சீஷெல்ஸும் விசாரிக்க ஒத்துக்கொண்டதும் கொஞ்சம் வழி பிறந்தது. 2010 மே மாதம் மாஸ்கோ யூனிவர்சிட்டி டேங்கரை மீட்ட ரஷ்யர்கள், பிடித்தவர்களை வழிகாட்டும் கருவி எதுவும் இல்லாத ரப்பர் படகில் நடுக்கடலில் விட்டார்கள். அவர்கள் கரை சேரவே இல்லை என்கிறார்கள். கோர்ட் இல்லாத இடத்தில் இதுதான் தீர்ப்பு.

நாம் சட்டம் போட்டது 2022 டிசம்பரில், அமலுக்கு வந்தது 2023-ல். ஆயுள் தண்டனை வரை, உயிர் போனால் மரண தண்டனைக்கும் இடமுண்டு. சரியான நேரத்துக்கு வந்தது. 2024 மார்ச்சில் எம்.வி. ருயென். மூன்று மாதமாகக் கொள்ளையர் கையில் இருந்த கப்பல். ஐ.என்.எஸ். கொல்கத்தா மறித்து நிற்க, சி-17 விமானத்திலிருந்து மார்கோஸ் என்ற கடற்படைக் கமாண்டோக்கள் கடலில் குதித்தார்கள். நம் கரையிலிருந்து 2,600 கிலோமீட்டர் தள்ளி, 40 மணி நேரம். 35 பேர் சரணடைந்தார்கள், 17 மாலுமிகளும் உயிரோடு மீண்டார்கள். 35 பேரையும் மும்பைக்குக் கொண்டுவந்து போலீஸில் ஒப்படைத்தபோது, இந்த முறை எந்தச் சட்டம் என்று யாரும் தலையைச் சொறியவில்லை.

காவலர் கப்பல் பற்றி ஒரு தூத்துக்குடிக் கதையும் உண்டு. 2013 அக்டோபரில் சீமேன் கார்டு ஓஹையோ என்ற கப்பலைக் கடலோரக் காவல்படை மடக்கியது. காவலர்களையும் துப்பாக்கிகளையும் நடுக்கடலில் வைத்திருந்து, வரும் போகும் கப்பல்களுக்கு ஏற்றி இறக்கும் மிதக்கும் ஆயுதக் கிடங்கு அது. உள்ளே 35 பேர், பிரிட்டிஷ், எஸ்தோனியா, உக்ரைன், இந்தியர் எல்லாரும். 2016 ஜனவரியில் ஐந்தாண்டு தண்டனை, புழல் சிறை. 2017 நவம்பரில் எங்கள் மதுரைக் கிளை அத்தனை பேரையும் விடுவித்தது. கொள்ளையைத் தடுக்க வந்தவர்கள் இங்கே சிறையிருந்த காலம், சில கொள்ளையர் சிறையிருந்ததைவிட அதிகம்.

கேள்விநாயகம் | 6 டிசம்பர், மதியம் 1.03

வக்கீல் சார், ஏமனின் ஹூத்திகள் செங்கடலில் கேலக்ஸி லீடர் கப்பலைப் பிடித்தது கடற்கொள்ளை ஆகுமா?

பின்பெஞ்சுவக்கீல் | 6 டிசம்பர், மதியம் 1.31

ஐ.நா. கடல்சட்டம் 101-வது பிரிவுப்படி கடற்கொள்ளை என்றால் திறந்த கடலில், ஒரு கப்பலில் இருப்பவர் இன்னொரு கப்பல் மேல், சொந்த லாபத்துக்காகச் செய்வது. அரசியல் நோக்கம் என்றால் அதில் அடங்குமா என்பதே சண்டை. கரையிலிருந்து 12 மைலுக்குள் நடந்தால் அதுவும் கடற்கொள்ளை அல்ல, ஆயுதமேந்திய கொள்ளை. சிங்கப்பூர் நீரிணையில் ராத்திரி ஏறி என்ஜின் ரூம் ஸ்பேர் பார்ட்ஸை அள்ளிக்கொண்டு போகிறார்களே, அதில் பெரும்பாலானது இந்த வகை. கேலக்ஸி லீடர் ஆட்கள் 25 பேர் 2023 நவம்பரிலிருந்து 2025 ஜனவரி வரை உள்ளே இருந்தார்கள். அவர்களுக்கு 101-வது பிரிவு எதற்கு?

பருத்தித்துறையான் | 6 டிசம்பர், இரவு 9.50

வணக்கம். இஞ்ச கனநேரமா வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். எங்கட பக்கத்துக் கதை ஒண்டு சொல்லுறன்.

2012-க்குப் பிறகு ஐஞ்சு வருசமா சோமாலியாக்காரர் பெரிய வணிகக் கப்பல் ஒண்டையும் கொண்டுபோகேல்லை. எல்லாரும் முடிஞ்சுது எண்டு நினைச்சவை. 2017 மார்ச்சில முதல் மாட்டினது ஏரிஸ் 13. அதில இருந்த எட்டுப் பேரும் இலங்கையர். ஜிபூட்டியில எண்ணெய் ஏத்தி மொகடிஷுவுக்குப் போன சின்னக் கப்பல். நேரம் மிச்சம் பிடிக்க எண்டு கரைக்குக் கிட்டவா, மெதுவா போயிருக்கினம், காவலரும் இல்லை. பிடிச்ச ஆக்கள், "நாங்கள் மீனவர், வெளிநாட்டுக் கப்பலுகள் எங்கட மீனை அள்ளுது" எண்டு சொன்னவை. நாயகம் அண்ணை சொன்ன அதே கதை. ஆனால் மூண்டு நாளில காசு ஒண்டும் வாங்காமல் விட்டிட்டினம். ஏனெண்டால் அந்தக் கப்பலை வாடகைக்கு எடுத்தது சோமாலிய வியாபாரியள். அவையள் ஊருக்குள்ள கதைச்சு நெருக்கினவை, சோமாலியாவுக்குள்ள இருக்கிற புன்ட்லாந்துப் படையும் ஒரு பக்கத்தால சுட்டது.

எனக்கு இதிலதான் விசயம் இருக்கு. வெளியில இருந்து வந்த நேவி இல்லை, உள்ளூர்ச் சனம் "விடு" எண்டு சொன்னதாலதான் அந்த எட்டுப் பேரும் வந்தவை. 2024 ஜனவரியில லொரென்சோ புத்தா 4 எண்ட எங்கட பலநாள் படகைப் பிடிச்சவை, ஆறு பேர். அதைச் சீஷெல்ஸ் கடலோரக் காவல் மீட்டது. சின்னப் படகுகளைத் தூரக் கடலுக்குக் கொண்டுபோற தாய்க்கப்பலாப் பாவிக்கத்தான் மீன்படகைப் பிடிக்கிறவை. கட்டுமரம் தம்பி, இது உங்கட ஆக்களுக்கும் பொருந்தும். ஒரு பக்கம் கொள்ளைக்காரன் உங்கட படகைக் கேப்பான், மற்றப் பக்கம் நேவி உங்கட படகைக் கொள்ளைக்காரன் எண்டு நினைக்கும்.

நங்கூரம்73 | 6 டிசம்பர், இரவு 11.18

பருத்தித்துறையார் கடைசியாகச் சொன்னது நடந்தே இருக்கிறது. 2008 நவம்பரில் ஐ.என்.எஸ். தபார் ஒரு தாய்க்கப்பலை மூழ்கடித்தது என்று ஊரெல்லாம் கைதட்டினோம், நானும்தான். அது எகாவத் நாவா 5 என்ற தாய்லாந்து மீன்பிடிக் கப்பல். அதற்குச் சற்று முன்னால்தான் அதைக் கொள்ளையர் பிடித்திருந்தார்கள், மீனவர்கள் உள்ளேதான் இருந்தார்கள். கடலில் மிதந்து பிழைத்தவர் ஒரே ஒருவர். தபார் மேல் அவர்கள் சுட்டார்கள், திருப்பிச் சுட்டது, அதில் தவறில்லை என்று நம் கடற்படை சொன்னது. இருக்கலாம். நான் அன்று கைதட்டியதை மறக்க முடியவில்லை.

நிலக்காற்று | 7 டிசம்பர், காலை 5.55

இந்த இழையில் நேவி, சட்டம், சேரன் எல்லாம் வந்துவிட்டார்கள். கப்பலுக்கு முதலாளி இல்லையென்றால் என்ன ஆகும் என்று யாராவது பேசினீர்களா? ஐஸ்பெர்க் 1. 2010 மார்ச்சில் ஏடனுக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். பழைய கப்பல், சரக்கிலும் பெரிய மதிப்பில்லை, முதலாளி கைவிட்டுவிட்டார். 24 பேர். கிட்டத்தட்ட 1,000 நாள். ஒருவர் தாங்க முடியாமல் கடலில் குதித்துவிட்டார். 2012 டிசம்பரில் புன்ட்லாந்துப் படை போய் மீட்டபோது 22 பேர்தான் இருந்தார்கள்.

கப்பலுக்கும் சரக்குக்கும் விலை இருந்தால் இன்சூரன்ஸ்காரர் பேரம் பேச ஆள் அனுப்புவார். விலை இல்லையென்றால் உள்ளே இருக்கிற மனுஷனுக்கும் விலை இல்லை. தம்பி, கம்பியை எண்ணுவதற்கு முன்னால் முதலாளி யார், கடத்தல் இன்சூரன்ஸ் உண்டா, பிடிபட்டால் வீட்டுக்குச் சம்பளம் வருமா என்று கேள். எழுத்தில் வாங்கு.

மட்டுறுத்துநர் | 7 டிசம்பர், காலை 9.00

கப்பலின் பெயர், கம்பெனியின் பெயர், பாசேஜ் பிளான் எதையும் இங்கே போட வேண்டாம். இரண்டாம்மேட், உங்களுக்கும் சேர்த்துத்தான். நேற்றிரவு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒரு நாட்டு மக்கள் எல்லோரையும் கொள்ளைக்காரர் என்று திட்டுவதற்கு இந்த இழை இல்லை.

இரண்டாம்மேட் | 29 டிசம்பர், இரவு 11.36

எல்லோருக்கும் நன்றி. சைன் ஆன் பண்ணிவிட்டேன். வைஃபை இன்று கொஞ்சம் வேலை செய்கிறது.

நிலக்காற்று அக்கா சொன்னபடி இன்சூரன்ஸ் கேட்டேன். ஏஜென்ட் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை, மூன்றாம் நாள் ஒரு மெயில் வந்தது. உண்டு என்று ஒரே வரி. அதைப் பிரிண்ட் எடுத்து அக்காவிடம், அதாவது என் சொந்த அக்காவிடம், கொடுத்துவிட்டு வந்தேன். ஆயுதக் காவலர் கிடையாது. கிழக்கே தள்ளிப் போகும் பாதையைக் கணக்கோடு போட்டுக் கொடுத்தேன். நான் கேட்டதில் பாதி தூரத்துக்கு மாஸ்டர் ஒத்துக்கொண்டார், மீதிக்கு எண்ணெய் யார் தருவார் என்றார்.

முள்கம்பி 40 சுருள் இருக்கிறது. போன வாரம் முழுக்க டெக்கில் அதே வேலை. தோல் கையுறை போட்டும் ஆளாளுக்குக் கையில் கிழிசல். கேஸ் கட்டிங் செட் இப்போது சிட்டாடலுக்குள். போசன் அண்ணாச்சி, பொம்மையும் செய்தோம். நாலு. ஃபிட்டரின் பழைய பாய்லர்சூட்டை மாட்டியதற்கு அவருடைய பெயர் ஒட்டிய ஹெல்மெட்டையே வைத்துவிட்டார்கள். அவர் தினமும் காலையில் அதற்கு குட் மார்னிங் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்துல்லா கப்பல் கதையையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. கடைசியில், "கேபின்ல ஜன்னல் பக்கமாடே படுப்ப?" என்று கேட்டார்.

12 மணிக்கு வாட்ச். ஸ்டார்போர்டு ஹோஸ் ஒரு இடத்தில் கசிகிறது, ஏறுவதற்கு முன்னால் அதைக் கட்ட வேண்டும்.

பழையபோசன் | 30 டிசம்பர், காலை 5.10

மெத்தையத் தரையில போட்டுப் படு. பங்க்குக்கு உள்பக்கமா. அப்பாட்ட போசன் சொன்னார்னு சொல்லு.